மூடைக்கு எத்தனை கிலோ?

"மாப்ள, இப்பவே போடவா, கொஞ்சம் பொறுக்கவா?"

துபாயிலிருந்து அத்தான் கேட்டபோது காலை பத்து மணி இருக்கும். அக்காவின் மாமனார் விடியற்காலையில் சாத்தூரில் இறந்துபோயிருந்தார். மதுரைக்கு வரும் அன்றிரவு விமானத்தின் டிக்கெட் விலை அத்தானின் ஃபோனில் திறந்திருந்தது. என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. நான் வேலை பார்க்கிற இடத்தில் அப்போது ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். விமானக் கட்டணங்களின் பழைய விலைகளைத் தேடித் தருகிற கருவி. மனிதர்கள் நேரடியாகத் தொடப்போவதில்லை. மனிதர்களுக்காக வேலை செய்கிற ஏஐ ஏஜென்ட் அதைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளும். குடும்பத்து விசேஷ வீடுகளில் இதைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையடித்தும் வைத்திருந்தேன்.

சூலக்கரை வீட்டில் லேப்டாப்பைத் திறந்து சோதனைப் பதிப்பிடம் கேட்டேன். சில நொடிகளில் பதில் வந்தது. இந்தத் தேதிக்கான சராசரியைவிட இப்போதைய விலை மிக அதிகம், சற்றுப் பொறுத்தால் குறைய வாய்ப்புண்டு. அதை அப்படியே அத்தானிடம் சொன்னேன். அவர் பொறுத்தார். மத்தியானம் விலை ஏறியது. சாயங்காலம் அந்த விமானத்தில் இடமே இல்லை. வேறொரு ஊர் சுற்றி அவர் வந்து சேர ஒன்றரை நாள் ஆனது. ஃப்ரீசர் பெட்டியில் வைத்து ஒரு நாள் பார்த்தார்கள். அதற்கு மேல் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூத்த மகன் காடாத்துக்குத்தான் வந்து நின்றார்.

அத்தான் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கேதம் முடிந்து வீட்டுக்கு வந்து, அன்றைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். மாடல் தப்பு செய்யவில்லை. நிரலிலும் பிழை இல்லை. பிழை நான் எழுதிய இரண்டு வரியில் இருந்தது. கருவியின் விளக்கக் குறிப்பு என்று நான் எழுதியது இதுதான்: 'இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே, ஒரு பயணத் தேதிக்கான கட்டண வரலாற்றைத் தரும். இப்போதைய விலை அதிகமா குறைவா என்று அறியப் பயன்படுத்தவும்.'

என்ன நடந்தது என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஏஐ தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏப்பா, அந்தப் பழைய வெலையெல்லாம் என்னைக்குப் பாத்த வெல?"

நான் பதில் சொல்லவில்லை.

"மூடைக்கு எத்தன கிலோன்னு எழுதாம வெலைய மட்டும் எழுதுனா அது என்ன கணக்கு?"

*

அப்பா விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு எழுதியவர். விருதுநகரை வெளியூர் நண்பர்களுக்கு அறிமுகம் செய்ய நேர்ந்தால் நான் இப்படித்தான் தொடங்குவேன்: சுற்றிலும் வானம் பார்த்த பூமி, சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு விலை உண்டு. துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி, நல்லெண்ணெய், பாமாயில். காபிக் கொட்டைக்குக்கூட விருதுநகர் விலை என்று ஒன்று இருக்கிறது. ஒரு காபிச் செடிகூட இந்த ஊரில் முளைக்காது. எங்கெங்கோ விளைந்தவை இங்கே வந்து விலையாகிப் போகின்றன. தமிழ் நாளிதழ்களில் வாரந்தோறும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' வருவது அதனால்தான்.

இது ஒரு நாளில் நடந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வடபகுதி நாடார் வணிகர்கள் சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி, விருதுபட்டி ஆகிய ஊர்களில் பேட்டைகள் அமைத்தார்கள். மாட்டுவண்டிகள் தங்கவும், சரக்கை இறக்கிப் பத்திரமாகப் பூட்டிவைக்கவும் மதில் சூழ்ந்த இடம்தான் பேட்டை. அங்கே கைமாறும் சரக்குக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்குக் கொடுத்த தொகை மகமை. நாடார் சமூகத்தைப் பற்றி 1969ல் நூல் எழுதிய ராபர்ட் ஹார்ட்கிரேவ் இந்த அமைப்பை விரிவாக விவரிக்கிறார். 1876ல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை இவ்வழியே வந்தது. 1889ல் உறவின்முறை க்ஷத்ரிய வித்யாசாலாவைத் தொடங்கியது. காமராஜர் படித்த பள்ளி. 1923ல் விருதுபட்டி விருதுநகர் ஆனது.

மகமை வசூலிக்க வேண்டுமென்றால் என்ன சரக்கு, எத்தனை மூடை என்று யாராவது எழுதியே ஆகவேண்டும். இந்த ஊருக்கு எழுதிவைக்கும் புத்தி அப்படித்தான் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

அந்த மார்க்கெட் நிலவரத்தை ஒருமுறை கவனமாகப் படித்துப் பாருங்கள். பருப்பு வகைகள் 100 கிலோ மூடைக்கு. நிலக்கடலைப் பருப்பு 80 கிலோ மூடைக்கு. எண்ணெய் 15 கிலோ டின்னுக்கு. காபி 50 கிலோவுக்கு. விலை எண்ணை மட்டும் மேலிருந்து கீழாக வாசித்தால் கடலை மலிவு, பருப்பு கூடுதல் என்று தோன்றலாம். அளவைச் சேர்த்து வாசித்தால்தான் உண்மை தெரியும். வத்தல் என்றாலும் முண்டா, சம்பாவா என்று சொல்ல வேண்டும். இந்த வருஷம் பறித்ததா, குளிர்பதனக் கிடங்கில் கிடந்து வந்த 'ஏ.சி.' வத்தலா என்பதும் தெரிய வேண்டும். ஒரே நாளில், ஒரே கடையில், இரண்டுக்கும் இரண்டு விலை.

அப்பா தனக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தார். தேதி, சரக்கு, ரகம், மூடை எடை, விலை, கடைசியில் ஒரு குறிப்பு. விலை என்பது எப்போதும் முடிந்த விலை. கேட்ட விலையை அவர் எழுதமாட்டார். குறிப்பில் 'லாரி ஸ்டிரைக்' என்றிருக்கும், 'மழை' என்றிருக்கும். சரக்கு வராத நாளில் விலைக் கட்டத்தைச் சும்மா விடமாட்டார். 'வரத்து இல்லை' என்று எழுதுவார். சும்மா விட்டால் பின்னால் படிக்கிறவன் கணக்குப்பிள்ளை மறந்துவிட்டான் என்று நினைப்பான் அல்லவா?

*

விமானக் கட்டணத்துக்கு ஒரு காலத்தில் இப்படி நோட்டு தேவைப்படவில்லை. இந்தியாவில் 1953ல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட்டன. அதன்பின் நாற்பது ஆண்டுகள் கட்டணம் என்பது ரயில் கட்டணம் மாதிரி, அச்சடித்த ஒன்று. அமெரிக்காவில் நிறுவனங்கள் தனியாருடையவை என்றாலும் கட்டணத்துக்கு அரசு வாரியத்தின் அனுமதி வேண்டும். 1978ல் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சட்டம் வந்தது. விலை அவிழ்ந்தது.

அவிழ்ந்ததைக் கையாளக் கணினி தயாராக இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து உருவாக்கிய சேபர் முன்பதிவு அமைப்பு 1964லேயே முழுமையாக இயங்கத் தொடங்கிவிட்டது. எந்த விமானம் எந்த வேகத்தில் நிரம்புகிறது என்பது அதற்குத் தெரியும். 1980களில் மலிவு விலையில் பறந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் பெரியவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் பதிலடி கொடுத்தது. எல்லா இருக்கைக்கும் விலையைக் குறைக்கவில்லை. காலியாகக் கிடக்கப்போகிற இருக்கைகளை மட்டும், முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கு, மலிவாக விற்றது. கடைசி நேரத்தில் ஓடிவருகிறவர்களுக்குப் பழைய விலையேதான். அடுத்த ஆண்டே பீப்பிள் எக்ஸ்பிரஸ் விற்கப்பட்டது.

அன்றிலிருந்து விமானத்தில் இருக்கைக்கு விலை கிடையாது. இருக்கை, எப்போது வாங்குகிறாய், எந்த நிபந்தனையில் வாங்குகிறாய் என்ற மூன்றும் சேர்ந்த மூட்டைக்குத்தான் விலை. பக்கத்துப் பக்கத்து இருக்கையில், ஒரே பொங்கல் பொட்டலத்தைப் பிரிக்கிற இருவர் இரண்டு விலை கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு விலைக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்தில் இத்தனை இருக்கை. அது தீர்ந்தால் அடுத்த எழுத்து, அடுத்த விலை. கடைசி நாளில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மேல்தட்டு எழுத்துதான். ஏனென்றால் கடைசி நாளில் வருகிறவன் பேரம் பேசும் நிலையில் இருக்கமாட்டான். வியாபார அவசரம், இல்லாவிட்டால் சாவு.

இந்தியாவில் 1994ல் பழைய சட்டம் ரத்தானது. 2003ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தது. ஒரு ரூபாய் டிக்கெட் என்ற பேச்சு நம் ஊர் டீக்கடை வரை வந்தது. சில இருக்கைகளுக்குத்தான் அந்த விலை என்பதும் பின்னாலேயே வந்தது.

*

மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு மட்டும்தான் தெரியும். விமானக் கட்டணத்திலும் அப்படி ஒரு துண்டு இருந்தது.

அமெரிக்க விமான நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களை ஏ.டி.பி.கோ. என்ற பொது அமைப்புக்கு அனுப்பும். அது தொகுத்து எல்லோருக்கும் வெளியிடும். ஒவ்வொரு கட்டணத்தோடும் அது எந்தத் தேதியிலிருந்து விற்பனைக்கு வரும், எந்தத் தேதியோடு முடியும் என்ற குறிப்புகள் இருக்கும். 1992 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை எட்டு விமான நிறுவனங்கள் மீதும் அந்த அமைப்பின் மீதும் வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு இதுதான்: பின்னொரு தேதியில் தொடங்கும் உயர்ந்த கட்டணத்தை ஒருவர் போடுவார், மற்றவர்கள் ஒத்துப்போனால் அது நிற்கும், இல்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும், அல்லது காணாமல் போகும். யாரும் வாங்காத, வாங்க முடியாத விலைகள் வழியாக நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன என்றது அரசுத் தரப்பு. 1994ல் வழக்கு சமரச ஆணையோடு முடிந்தது. அந்த மாதிரிக் குறிப்புகளுக்குக் கட்டுப்பாடு வந்தது.

எனக்கு இந்த வழக்கில் பிடித்த விஷயம், குற்றம் அடிக்குறிப்பில் நடந்தது என்பது. விலைப் பட்டியலைப் பொதுமக்களும் பார்க்கலாம். ஆனால் பட்டியலை எப்படி வாசிப்பது என்று ஒரு தரப்புக்குத்தான் தெரிந்திருந்தது.

வாங்குகிறவன் பக்கம் நோட்டு வந்தது அதற்குப் பின்தான். வாஷிங்டன் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் ஓரன் எட்சியோனி, தம்பி கல்யாணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துப் போனவர், சக பயணிகளிடம் விசாரித்திருக்கிறார். தனக்குப் பின்னால் வாங்கிய பலர் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். எரிச்சலில் பிறந்த ஆராய்ச்சி அது. 2003ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில் 41 நாட்களில் திரட்டிய 12,000க்கும் மேற்பட்ட விலைப் பதிவுகள் இருந்தன. அவற்றை வைத்து வாங்கலாமா, பொறுக்கலாமா என்று சொல்லும் நிரலுக்கு ஹேம்லெட் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாகி, 2008ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனது.

வாங்கலாமா, பொறுக்கலாமா. அத்தான் கேட்ட அதே கேள்வி. ஆனால் ஹேம்லெட்டின் பதிவு ஒவ்வொன்றிலும் விலை பார்க்கப்பட்ட நேரமும் இருந்தது. புறப்பட இன்னும் எத்தனை நாள் என்பதை வைத்துத்தான் அது கற்றுக்கொண்டது. என் இரண்டு வரியில் காணாமல் போயிருந்தது அதுவேதான்.

*

ஏஐ ஏஜென்ட்டுக்குக் கருவி கொடுப்பது எப்படி என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் இதற்கு ஒரு பொது வழக்கத்தைக் கொடுத்தது. கருவிக்கு ஒரு பெயர், சாதாரண மொழியில் ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடு தரவேண்டும் என்ற பட்டியல். இவ்வளவுதான் மாடலின் கண்ணில் படும். உள்ளே இருக்கிற நிரல் அதற்குத் தெரியாது. எப்போது கூப்பிடுவது, வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை அந்த விளக்கத்தை வைத்தே முடிவு செய்கிறது.

மனிதர்களுக்கு எழுதும்போது நாம் பாதியை விட்டுவிடுகிறோம். படிக்கிறவர் பக்கத்துச் சீட்டில் இருப்பார், சந்தேகம் வந்தால் கேட்பார். மண்டிக்குப் புதிதாக வந்த பையன்கூட, "அண்ணாச்சி, இது எத்தன கிலோ மூடை?" என்று கேட்டுவிடுவான். இந்த வாசகர் கேட்பதில்லை. எழுதியதை நம்பும், எழுதாததைத் தானே நிரப்பிக்கொள்ளும். நிரப்பியதை அழகான தமிழில், சந்தேகமே இல்லாத குரலில் சொல்லும்.

என் கருவி தந்த சராசரி, புறப்பட 60 நாள் இருக்கும்போது பார்த்த விலையையும், முந்தைய நாள் பார்த்த விலையையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய சராசரி. அதற்குப் பக்கத்தில் கடைசி நாள் விலையை வைத்தால் அது அதிகமாகத்தான் தெரியும். அதிகமானது இறங்கும் என்று மாடல் முடிவு செய்தது. அதற்குக் கிடைத்த காகிதத்தில் அது நியாயமான முடிவு.

சூலக்கரை வழியாகப் போகிற நான்குவழிச் சாலையில், தீபாவளி நெருங்கினால் பட்டாசுக் கடைத் தட்டிகள் வரிசையாக நிற்கும். '80% தள்ளுபடி'. சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு தள்ளினால் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும் என்று. "எதுலருந்து எம்பதுன்னு கேளு" என்றார். பெட்டியில் அச்சடித்த விலையில் யாரும் எப்போதும் வாங்கியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே முதல் இதற்கு ஒரு விதி இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையும் காட்ட வேண்டும். வரலாற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசு என்கிற விதி.

*

ஒரு வாரம் உட்கார்ந்து விளக்கத்தைத் திருப்பி எழுதினேன். அப்பாவின் நோட்டை மேஜையில் திறந்துவைத்துக்கொண்டு எழுதினேன் என்று சொன்னால் நாடகமாக இருக்கும். ஆனாலும் நடந்தது அதுதான். இப்போது அது இப்படி இருக்கிறது:

'ஒவ்வொரு பதிவிலும் இரண்டு தேதிகள் உண்டு: விலை பார்க்கப்பட்ட தேதி, பயணத் தேதி. இரண்டையும் குழப்பாதே. புறப்பட மிச்சமுள்ள நாட்கள் ஒத்திருக்கும் பதிவுகளை மட்டுமே ஒப்பிடு.

விலை ஒரு நபருக்கு, ஒரு வழிக்கு, வரிகள் சேர்த்து. பெட்டிக்கான கட்டணம் சேரவில்லை.

இவை திரையில் காட்டப்பட்ட விலைகள். அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது இக்கருவிக்குத் தெரியாது.

விலை வெறுமையாக வந்தால் இடம் இல்லை, அல்லது அன்று பார்க்கவில்லை. எது என்பது காரணப் புலத்தில் இருக்கும். வெறுமையைப் பூஜ்யமாகக் கொள்ளாதே.

குறிப்புப் புலத்தைப் படிக்காமல் விலையைச் சொல்லாதே.

பதிவுகள் சிலவே இருந்தால் எத்தனை என்று பயனருக்குச் சொல். விலை குறையும் என்று சொல்லாதே.'

குறிப்புப் புலம் அப்பாவின் 'லாரி ஸ்டிரைக்' கட்டம்தான். கொரோனா ஊரடங்குக்குப் பின் 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் திரும்பப் பறந்தபோது அரசு கட்டணத்துக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைத்தது. 2022 ஆகஸ்ட் 31 வரை அது ஏதோவொரு வடிவில் இருந்தது. 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் கொத்துக் கொத்தாக ரத்தாகி, மற்ற டிக்கெட்டுகள் தாறுமாறாக ஏறியபோது, அரசு மறுபடி உச்சவரம்பு போட்டது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. இந்த நாட்களின் விலைகளைக் குறிப்பில்லாமல் கொடுத்தால், அரசின் ஆணையைச் சந்தையின் குணம் என்று மாடல் எடுத்துக்கொள்ளும். அதை நம்பி யாரோ ஒருவர் பொறுப்பார்.

இவ்வளவு எழுதியும் ஒரு வரி போதாமல் இருந்தது. கடைசியில் சேர்த்தேன்: 'பயணம் இறப்பு, நோய் போன்ற காரணத்துக்காக என்று பயனர் சொல்லியிருந்தால் விலை ஒப்பீடு செய்யாதே. கிடைக்கிற இடத்தை முதலில் சொல்.'

நிரலைச் சரிபார்க்கிற சக ஊழியர் அந்த வரியைக் குறித்து ஒரு கேள்வி போட்டிருந்தார். கருவி என்ன தருகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையே, இது டாக்குமென்டேஷனில் வரலாமா? நியாயமான கேள்வி. மண்டி நோட்டிலும் இப்படி ஒரு வரிக்குக் கட்டம் கிடையாது.

அதே கேள்வியை, அதே தேதியை, அதே விமானத்தைப் போட்டுச் சோதனைப் பதிப்பை மறுபடி ஓட்டினேன். இந்த முறை என்ன காரணத்துக்கான பயணம் என்பதையும் சேர்த்தேன். பதில் இரண்டே வரி. இன்றிரவு விமானத்தில் இடம் இருக்கிறது, இப்போதே எடுத்துவிடுங்கள்.

அதைப் படமெடுத்து அந்தக் கேள்விக்குப் பதிலாக இணைத்தேன். சக ஊழியர் ஒன்றும் எழுதவில்லை, ஒப்புதல் மட்டும் கொடுத்தார். வரி இருக்கிறது. அத்தானுக்கு அனுப்பலாமா என்று ஃபோனைக் கையில் எடுத்தேன். துபாயில் அப்போது அவர் வேலையில் இருக்கிற நேரம். அனுப்பவில்லை.